இறையாண்மையில் இருக்கும் ‘இறை’ யார்?

வாசகர் கேள்வி, 3.2.2024

அரசமைப்பின் முகப்புரையைத் தமிழில் எடுத்தால் தொடக்கத்திலேயே ‘இறையாண்மை’ வந்துவிடுகிறது. சமயச் சார்பற்ற நாடு என்று சொல்லிக்கொண்டே இறைவனின் ஆட்சியையும் பக்கத்தில் உட்கார வைப்பது முரண் இல்லையா? ‘தன்னாட்சி’ என்று போட்டால் போதாதா? இந்தச் சொல் கடவுளைப் புறவாசல் வழியாக உள்ளே விடுகிறது என்பது என் கட்சி.

3.2.2024, இரவு

முரண் இல்லை. பழந்தமிழில் இறை என்றால் அரசனும்தான். திருக்குறளில் அரசனைப் பற்றிய அதிகாரத்துக்கே பெயர் இறைமாட்சி. கோயில் என்ற சொல்லும் அப்படித்தான், கோ இருக்கும் இல். அரண்மனைக்கும் அதே பெயர். இன்னொன்று, இறை என்றால் வரி. வரி நீக்கிய நிலத்தை இறையிலி என்று கல்வெட்டுகள் சொல்லும். ஆகவே இறையாண்மையை ‘வரி வாங்கும் வல்லமை’ என்று பிரித்தாலும் எந்த நிதியமைச்சரும் சண்டைக்கு வரமாட்டார்.

தன்னாட்சி சரிவராது. கல்லூரிக்கும் தன்னாட்சி தருகிறார்கள். அதை வைத்துக்கொண்டு அது படை திரட்ட முடியாது.

4.2.2024

நேற்று எழுதிவிட்டுப் படுத்த பிறகு நினைவுக்கு வந்தது. புறவாசல் என்கிறீர்கள். கடவுளை முன்வாசல் வழியாகவே அழைத்துவரப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1949 அக்டோபர் 17 அன்று அரசமைப்பு அவையில் முகப்புரையை எடுத்தபோது எச்.வி.காமத், ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். உடனே அசாமிலிருந்து வந்திருந்த ரோகிணி குமார் சௌதரி, ஏன் கடவுள், தேவி என்று போடக் கூடாதா என்றார். காமாக்யா அம்மனின் ஊர்க்காரர், கேட்காமல் இருப்பாரா! திருவிதாங்கூரின் பட்டம் தாணுபிள்ளை எதிர்த்துப் பேசினார். நம்பிக்கை என்பது அவரவர் விஷயம், இந்த வாசகம் அதில் கட்டாயத்தைக் கொண்டுவருகிறது என்பது அவர் வாதம். வாக்கெடுப்பு நடந்து, கடவுள் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்.

திருவிதாங்கூர்க்காரர் அப்படிப் பேசினார் என்பதுதான் எனக்கு ருசியான விஷயம். அவர் வந்த நாட்டில் அரசனே கடவுளின் அடிமை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

4.2.2024, சற்றுப் பிறகு

‘பெரிய வித்தியாசம்’ என்று எழுதியது தப்பு. ஆதரவு 41, எதிர்ப்பு 68. பதினான்கு பேர் மனம் மாறியிருந்தால் முகப்புரையின் முதல் சொல்லே வேறாக இருந்திருக்கும். ‘கடவுள் தோற்றார்’ என்றதும் சரியில்லை. தோற்றது காமத்.

6.2.2024

கார்ல் ஷ்மிட்டைச் சொல்லாமல் இறையாண்மை பற்றி எப்படிப் பேசலாம் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். சரி, சொல்லிவிடுவோம். ஜெர்மானியச் சட்ட அறிஞர். 1922இல் அவர் சொன்னது இரண்டு விஷயம். நவீன அரசுக் கோட்பாட்டின் முக்கியமான கருத்துகள் எல்லாம் இறையியலிலிருந்து வந்து மதச்சாயம் இழந்தவை என்பது ஒன்று. விதிவிலக்கான நிலை எது என்று தீர்மானிப்பவனே இறையாண்மை உடையவன் என்பது மற்றது. இயற்கைக்கு அற்புதம் எப்படியோ, சட்டத்துக்கு நெருக்கடிநிலை அப்படி. இதைச் சொன்னவர் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அற்புதம் செய்பவனைத் தேடி அலைந்தால் கடைசியில் எவன் வந்து நிற்பான் என்பதற்கு அவரே சாட்சி.

கல்லூரிக் காலத்தில் இவரைப் படித்தபோது ‘அடடா’ என்றிருந்தது. இப்போது படித்தால் ஒரு சந்தேகம்தான் வருகிறது. தீர்மானிப்பவன் யார் என்று கேட்கிறார், தீர்மானத்தின் கீழே யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்பீர்கள். எங்கள் ஊரில் ஒன்றில்லை.

7.2.2024

எங்கள் ஊர் தக்கலைக்குப் பக்கம். இன்று கன்னியாகுமரி மாவட்டம், 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்ச் சீமை.

தாத்தா ஒரு தகரப்பெட்டி வைத்துவிட்டுப் போனார். அதில் பழைய ஆதாரம் ஒன்று இருக்கிறது. (இந்த ஆதாருக்கு அட்டை கிடையாது. எங்கள் பக்கம் நிலப் பத்திரத்தை அப்படிச் சொல்வார்கள்.) முத்திரைத்தாளின் தலையில் வலம்புரிச் சங்கு. எழுத்து மலையாளம், ஆண்டு கொல்லம் கணக்கு, நிலத்தின் வகை என்ற இடத்தில் ‘ஸ்ரீபண்டாரவகை’. சின்ன வயதில் அப்பாவிடம் பண்டாரம் என்றால் பூக்கட்டுகிறவரா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, ‘பத்மநாபசாமியோட நெலம்டே, நாம அவருக்குக் குடியானவன்’ என்றார். கரம் (வரி) கட்டிய ரசீதுகளும் பெட்டியில் கட்டுக்கட்டாக இருந்தன. பாதியைச் செல்லரித்துவிட்டது.

கதை 1750இல் தொடங்குகிறது. மார்த்தாண்ட வர்மா 1729இல் பட்டத்துக்கு வந்தவர். தன்னை எதிர்த்த நாயர் பிரபுக்களான எட்டுவீட்டில் பிள்ளைமாரை ஒழித்தார், 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார், வடக்கே இருந்த சிற்றரசுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார். எல்லாம் முடித்துவிட்டு, கொல்லம் 925 தை மாதம் 5ஆம் தேதி, திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் உடைவாளை ஒற்றைக்கல் மண்டபத்தில் வைத்து நாட்டை முழுசாகச் சாமிக்கு எழுதிக்கொடுத்தார். திருப்படிதானம் என்பது இதுதான். பிறகு வாளைச் சாமியிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, பத்மநாபதாசன் என்ற பட்டத்தோடு, சாமிக்காக ஆண்டார். பின்னால் வந்த அரசர்களுக்கும் அதே பட்டம். அந்த மண்டபத்தில் விழுந்து கும்பிட்டால் தன்னிடம் இருப்பது முழுவதும் சாமிக்குப் போய்விடும் என்பது ஐதீகம். அதனால் அங்கே விழுந்து கும்பிடும் உரிமை அரசருக்கு மட்டும்.

சட்டமாகப் பாருங்கள். காலையில் சொந்தக்காரன், மதியம் காரியஸ்தன். கைமாறிய வாள் பழைய கைக்கே வந்துவிட்டது. மாறியது ஒன்றே ஒன்று. அதுவரை அவரை எதிர்த்தால் ராஜத்துரோகம், அதற்குப் பிறகு சாமித்துரோகமும்.

ஐரோப்பாவில் அரசனுக்கு இரண்டு உடம்பு என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்று சாகும், மற்றது சாகாது, சிம்மாசனம் ஒரு நொடிகூடக் காலியாக இருக்காது. இங்கே அந்தக் கஷ்டமே வேண்டாம். அரசர் அனந்தசயனத்தில் படுத்திருக்கிறார், சாக மாட்டார். அடிமைதான் மாறிக்கொண்டிருப்பான்.

9.2.2024

‘வெறும் நாடகம், இதற்கு இவ்வளவு தத்துவமா?’ என்று கேள்வி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. இப்போது முழுசாக அப்படிச் சொல்ல மாட்டேன். நாடகம்தான் என்றாலும், இருநூறு வருஷம் தினமும் நடிக்கிறவன் வேஷத்தில் கொஞ்சமாவது மாட்டிக்கொள்வான். நான் நாட்டுக்குச் சொந்தக்காரன் இல்லை என்று நாள்தோறும் சந்நிதியில் போய் நிற்பவன் கஜானாவைக் கொஞ்சம் யோசித்துத்தான் தொடுவான். கல்லறைகளில் — அந்தக் கோயிலில் நிலவறைக்கு அதுதான் பெயர் — 2011இல் திறந்து பார்த்தபோது அவ்வளவு பொன் இருந்ததே.

ஆனால் வாதம் மறுபக்கமும் வெட்டும். 1811இல் கிழக்கிந்தியக் கும்பினியின் பிரதிநிதியான ரெசிடென்ட் கர்னல் மன்றோ திவான் பதவியையும் ஏற்றார். கோயில் நிலங்களை அரசாங்கத்தோடு சேர்த்தவர் அவர்தான். சாமியின் நாடு, சாமியின் அடிமை, அடிமைக்கு மந்திரி ஒரு கிறிஸ்தவக் கர்னல், அவர் சாமி சொத்தை எடுத்து சாமியின் சர்க்காரிலேயே சேர்க்கிறார். கும்பினிக்கு ஆண்டுதோறும் கப்பமும் போனது. பத்மநாபர் கப்பம் கட்டினார் என்று யாரும் எழுதவில்லை. கணக்கில் அந்த இடத்தில் மட்டும் அரசர் பெயர் வரும்.

12.2.2024

இதையெல்லாம் எழுதப்போய் ஆசை வந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனேன். பூட்டியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா என்று ஆட்டோக்காரரே கேட்டுவிட்டார்.

18.2.2024

இன்று உள்ளே போனேன். அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு. அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடம். நுழைவுச்சீட்டு வாங்கும்போது ஒரு மாநிலத்தில் நின்று இன்னொரு மாநிலத்துக்குக் காசு கொடுக்கிறோம். எல்லைக்கோடு போட்டவர்கள் ராஜாவைக் கொண்டுபோய்விட்டார்கள், வீட்டைத் தூக்க முடியவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கறுப்புத் தரையில் நடந்தால் உள்ளங்கால் சில்லென்று இருக்கும். சுண்ணாம்பு, சிரட்டைக்கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள், நம் முகம் மங்கலாகத் தெரியும். உப்பரிகை மாளிகை நான்கு தளம். அடியில் கருவூலம், அதற்கு மேலே அரசரின் மருந்துக் கட்டில், உச்சியில் சுவர் முழுக்க ஓவியம் உள்ள ஒரு அறை. அது பத்மநாபருக்கு. பார்வையாளர்களை அங்கே விடுவதில்லை. படிக்கட்டின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தேன். அரசன் படுக்கும் அறைக்கு மேலே அரசனுக்கு அரசன். பணம் எல்லாவற்றுக்கும் அடியில். அரசியல் கோட்பாட்டை ஒரு தச்சன் கட்டினால் இப்படித்தான் இருக்கும்.

நவராத்திரிக்கு முன்னால் இங்கே நடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து முருகன், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை, மூன்று சாமியும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும். புறப்படும்முன் உப்பரிகை மாளிகையிலிருந்து அரசரின் உடைவாளை எடுத்து அரண்மனையில் வைத்துக் கைமாற்றுவார்கள். ராஜா கிடையாது, ராஜ்ஜியம் கிடையாது. ஓட்டு வாங்கி வந்த அமைச்சர்கள் வாளைத் தொட்டுக் கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டுப் போலீசும் கேரளப் போலீசும் சேர்ந்து துப்பாக்கியைத் தூக்கி மரியாதை செய்கிறது. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வாள் தெரியவில்லை, யானையின் காது தெரிந்தது. ‘யாருக்கு சல்யூட் அடிக்கிறாங்க?’ என்று கேட்டேன். சாமிக்கு என்றார் அப்பா. பக்கத்தில் இருந்தவர், வாளுக்கு என்றார்.

20.2.2024

தாணுபிள்ளையில் விட்ட நூலைப் பிடிக்கிறேன். அவர் டில்லியில் அப்படிப் பேசிய அதே 1949இல், சில மாதம் முன்னால், திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. திருவிதாங்கூரின் சித்திரைத் திருநாள் மகாராஜா ராஜப்பிரமுகர், அதாவது இணைந்த மாநிலத்தின் தலைவர், ஆக வேண்டும். உறுதிமொழி எடுக்கச் சொன்னால், ‘நான் பத்மநாபரின் அடிமை, இன்னொருவருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க முடியாது’ என்றார். இணைப்பு வேலைகளைப் பார்த்த வி.பி.மேனன் இதைப் பதிவு செய்திருக்கிறார். கடைசியில் பிரமாணத்துக்குப் பதில் ஒரு கடிதம் என்று முடித்துக்கொண்டார்கள். ஒரு குடியரசு பிறக்கும்போது, ஒரு அடிமை ‘எனக்கு ஏற்கெனவே எஜமான் இருக்கிறார்’ என்று சொல்லி, அதையும் ஒப்புக்கொண்டு போயிருக்கிறார்கள். 1936 கோயில் நுழைவுப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவரும் இவரேதான். அப்போது பிறப்பைச் சொல்லி எந்த இந்துவையும் கோயிலில் தடுக்கக் கூடாது என்று எஜமானின் வீட்டுக் கதவை அடிமை திறந்துவிட்டார். ஷ்மிட் கேட்ட விதிவிலக்கு இதுதான் என்று வேண்டுமானால் அந்த நண்பர் எடுத்துக்கொள்ளலாம்.

மன்றோ எடுத்த நிலத்துக்குக் கணக்கு இன்றும் தீரவில்லை. அரசமைப்பின் 290ஏ பிரிவைப் பாருங்கள். கேரள அரசு ஆண்டுதோறும் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு (கோயில் நிர்வாகத்துக்கு) 46.5 லட்சம் ரூபாய், தமிழ்நாடு அரசு 1956இல் தன் பக்கம் வந்த பகுதியின் கோயில்களுக்கு 13.5 லட்சம். முகப்புரையில் இடம் கிடைக்காத கடவுளுக்கு நடுப்பக்கத்தில் சம்பளம்.

அப்புறம் வழக்கு. 1950ஆம் ஆண்டுச் சட்டம் பத்மநாபசுவாமி கோயில் நிர்வாகத்தைத் ‘திருவிதாங்கூரின் ஆட்சியாளர்’ கையில் கொடுத்தது. 1971இல் 26ஆம் திருத்தம் வந்து ஆட்சியாளர் என்ற இனத்தையே ஒழித்தது. 1991இல் சித்திரைத் திருநாள் காலமானார். ஆட்சியாளர் இல்லை, இனி வரவும் மாட்டார் என்றால் கோயில் யார் கையில்? 2011 ஜனவரி 31 அன்று கேரள உயர் நீதிமன்றம், அரசு பொறுப்பேற்கட்டும் என்றது. 2020 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றிக் கோயிலை அரச குடும்பத்துக்கே கொடுத்துவிட்டது.

21.2.2024

நேற்றைய கடைசி வரியைத் திருத்த வேண்டும், இரண்டு பேர் சுட்டிக்காட்டிவிட்டார்கள். கோயிலைக் கொடுக்கவில்லை. கோயில் பொதுக்கோயில் என்று குடும்பமே ஒப்புக்கொண்டது. நீதிமன்றம் சொன்னது, சாமிக்குச் சேவை செய்து சொத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷெபெயித் உரிமை பதவியோடு ஒழியவில்லை, வழக்கப்படி குடும்பத்தில் தொடரும் என்பது. அன்றாட நிர்வாகம் மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழுவிடம். 1750இன் காரியஸ்தன் 2020இலும் காரியஸ்தன், பக்கத்தில் ஒரு ஜட்ஜை உட்காரவைத்திருக்கிறார்கள்.

சாமி சட்டப்படி யார் என்றும் கேட்டிருந்தார்கள். நம் சட்டத்தில் இந்துக் கோயிலின் மூர்த்தி ஒரு சட்ட ஆள், சொத்து வைத்திருக்கலாம், வழக்குப் போடலாம். 1925இல் லண்டன் பிரிவி கவுன்சிலே ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் தானே பேசி நடத்த முடியாததால், என்றென்றைக்கும் மைனர் என்று வைத்துக் காப்பாளர் வழியாகவே பார்க்கிறது. நம் ஊர் அர்த்தத்தில் சங்கிலி போட்ட மைனர் இல்லை. இந்த மைனரிடம் சங்கிலியும் நிறையவே இருக்கிறது என்பது வேறு கதை.

ஒரு நாட்டுக்கே அதிபதி, சட்டத்தின் கண்ணில் விவரம் தெரியாத பிள்ளை. கையெழுத்துப் போட எப்போதும் இன்னொருவர் வேண்டும். நான் 6ஆம் தேதி சொன்னது இதைத்தான். யாரை உச்சியில் வைத்திருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம், பேனா யார் பையில் இருக்கிறது?

25.2.2024

‘இவ்வளவு பேசினீர்களே, அந்தச் சாமி ராஜ்ஜியத்தில் ஊழியம் செய்த சனம் என்ன நினைத்தது?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நாலு வரிதான், ஆனால் இந்த இழையில் வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது. அப்பாவழி பற்றியே எழுதிக்கொண்டிருந்துவிட்டேன். அம்மாவழிப் பாட்டி அகஸ்தீஸ்வரம் பக்கம். அங்கே கதை வேறு.

கூலியில்லாமல் ஊழியம் செய்யவேண்டும், தலைவரி கட்டவேண்டும், பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. தோள்சீலைக்காக அடிபட்டு, வீடு எரிந்து, 1859இல்தான் பிரகடனம் வந்தது. இத்தனையும் பத்மநாபரின் பெயரில் நடந்த ஆட்சியில்.

1809இல் பிறந்த அய்யா வைகுண்டர் அதற்குக் கொடுத்த பதில் எந்த அரசியல் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரப்படவில்லை. ராஜா விஷ்ணுவின் அடிமை என்றுதானே அதிகாரம் நடத்துகிறார்? நாராயணர் இப்போது திருவனந்தபுரத்திலேயே இல்லை, கிளம்பிவிட்டார் என்கிறது அவர் வழியினரின் வேதநூலான அகிலத்திரட்டு. திருச்செந்தூர்க் கடலுக்குள் போய் வைகுண்டராக எழுந்து சாமித்தோப்புக்கு வந்துவிட்டார். அப்படியானால் அங்கே வாளை வைத்துக்கொண்டிருப்பவன் யாருக்கு அடிமை? அவனைக் கலிநீசன் என்கிறது, வெள்ளைக்காரனை வெண்நீசன். சுவாதித் திருநாள் காலத்தில் வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். இதை வெறும் பக்திப் பேச்சு என்று அரண்மனை நினைக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. வரி கட்டமாட்டேன் என்றால் சமாளித்துவிடலாம். உன் எஜமான் வீட்டைக் காலி செய்துவிட்டார் என்றால் என்ன செய்வது?

பாட்டி என்னைச் சாமித்தோப்புக்குக் கூட்டிப்போனபோது எனக்குப் பத்து வயதிருக்கும். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். மற்ற கோயில்களிலும் அது உண்டுதான். ஆனால் இங்கே பாட்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து என் தலையில் தலைப்பாகையாகக் கட்டிவிட்டாள். கோயிலுக்குள் தலையில் துண்டா என்று நான் இழுத்தேன். கையில் ஒரு தட்டு. ‘ஒன் பாட்டனுக்குப் பாட்டன் இத கட்டுனா அடிச்சிருப்பானுவோ. அய்யா கட்டச் சொன்னாரு. அவுக்காத’ என்றாள். உள்ளே பார்த்தால் சிலை இல்லை. நிலைக்கண்ணாடி, முன்னால் விளக்கு. தலைப்பாகை கட்டிய ஒரு பையன், நெற்றியில் திருநாமத்தோடு, என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பயந்துவிட்டேன்.

26.2.2024

‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன் மக்கட்கு
இறையென்று வைக்கப் படும்.’

முதல் நாளே இந்தக் குறளை இங்கே போட்டிருக்கலாம். பரிமேலழகர், பிறப்பால் மனிதன்தான், செயலால் கடவுள் என்று விளக்கம் சொல்லிவிட்டுப் போகிறார். நான் ‘வைக்கப்படும்’ என்பதிலேயே நின்றுவிட்டேன். தானாக ஆவதில்லை, யாரோ வைக்கிறார்கள். வைத்தவர்கள் எடுக்கவும் செய்யலாமா என்று வள்ளுவர் இதில் சொல்லவில்லை. பாட்டியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: முதல் நாள் ‘முரண் இல்லை’ என்று வெட்டிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். முரண் இருக்கிறது. ஆனால் சொல்லை மாற்றினால் அது போகாது.

2.3.2024

அந்த ஆதாரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தேன். லீகல் பார்க்க வேண்டும், தாய்ப்பத்திரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். தகரப்பெட்டியைத் திறந்து அந்தத் தாளை அப்படியே எடுத்துப் போனேன். அங்கிருந்த இளைஞருக்கு மலையாளம் தெரியாது. மொழிபெயர்த்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார், அதற்கு ஒரு வாரம் போனது. மறுபடி போனபோது மொழிபெயர்ப்பை விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார்.

“இந்தப் பத்மநாபசுவாமிங்கிறவர் உங்களுக்கு என்ன சார் வேணும்?”

சொந்தம் இல்லை என்றேன்.

“அப்ப அவர்கிட்டேருந்து உங்க தாத்தாவுக்கு எப்படி வந்துச்சு? விக்கிரயமா, தானமா? அவரோட வாரிசு யாராவது கையெழுத்துப் போட்டிருக்காங்களா?”

கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவகை நிலங்களுக்கு 1964இல் தமிழ்நாடு தனிச்சட்டம் போட்டு அந்த உரிமையை ஒழித்தது, அரசுக்கு நேரடியாக வரி கட்டும் ரயத்துவாரியாக மாற்றியது, பட்டா அப்படித்தான் வந்தது என்று சட்டத்தின் நகலை எடுத்து நீட்டினேன். புரட்டிப் பார்த்தார். படிவத்தில் ‘முந்தைய உரிமையாளர்’ என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.